லினக்ஸ் சர்வரில் நேரம் தடுமாறினால்: டிஎஸ்சி கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஐந்து கமிஷன் கடைகளின் பில்லிங் ஒரே சர்வரில் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அதிகாலை, மல்லிகை மூட்டை வந்து குவிகிற நேரத்தில் போன் வந்தது. "தம்பி, பில்லு விழ மாட்டேங்குதுப்பா. மூட்டை வாசல் வரைக்கும் நிக்குது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பில் எண் 214-இன் நேரம் 4:31:17. அதற்கு அடுத்து வந்த 215-க்கு 4:31:15. முந்தைய பில்லைவிட நேரம் குறைவாக இருந்தால் சேமிக்காதே என்று மென்பொருளில் ஒரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவனைத் திட்டிக்கொண்டே நிரலைத் திறந்தேன். எழுதியவன் நான்தான்.

அன்று காகித பில்லில் ஓட்டினோம். பிறகு காரணத்தைத் தேட இரண்டு வாரம் ஆனது. அகப்பட்டது டிஎஸ்சி, அதாவது பிராசசருக்குள் இருந்து நேரத்தை எண்ணும் டைமர். படிப்படியாகத் தெரிந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் முடித்திருக்கலாம். அந்தப் படிகள்தான் இவை. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து.

1. டைமர் கோளாறுதானா என்று முதலில் பாருங்கள்

'நேரம் தப்பு' என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, சம்பந்தமே இல்லாதவை.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசமா? அதே கணினியில் விண்டோஸும் இருக்கும். போர்டில் உள்ள, கணினியை அணைத்தாலும் ஓடுகிற ஆர்டிசி கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று படிக்கும். இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. லினக்ஸ் பக்கம் மாற்றுவதானால் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை இருக்கிறது.

கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் செல். நான் வாங்கியது 40 ரூபாய். மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் கழற்றும் முன் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) திரைகளை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் ஆலை இயல்புக்குத் திரும்பக்கூடும். வன்தட்டு அமைப்பு ரெய்டு முறையிலிருந்து ஏஎச்சிஐ முறைக்கு மாறிவிட்டால் சர்வர் பூட் ஆகாது. ஐந்து நிமிட வேலை அரைநாளாக நீளும்.

நாளுக்கு இரண்டு மூன்று வினாடி மட்டும் விலகுகிறதா? அது கோளாறே இல்லை, குவார்ட்ஸ் படிகத்தின் குணம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகல், அதாவது 1 பிபிஎம், ஒரு நாளைக்கு 0.0864 வினாடி. சாதாரணப் படிகம் 20, 30 பிபிஎம் விலகும். சூட்டிலும் மாறும். ஆர்டிசியில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் சரியாக ஓடும். நம் ஊர் கத்திரி வெயிலில், பூட்டிய அறைக்குள் 45 டிகிரி ஏறினால் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் பிந்தும். இதற்கு, நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி போதும். 7-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

உண்மையான டைமர் கோளாறு வேறு மாதிரி இருக்கும். நேரம் பின்னால் போகும். நாளுக்கு நிமிடக் கணக்கில் விலகும். அல்லது ஒரு நாள் திடீரென்று சர்வர் மந்தமாகிவிடும், ஏனென்றே தெரியாது.

2. எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்று பாருங்கள்

கெர்னலுக்கு நேரம் சொல்ல ஒரு கணினியில் பல எண்ணிகள் இருக்கின்றன. டிஎஸ்சி என்பது பிராசசரின் ஒவ்வொரு கோருக்குள்ளும் இருக்கும் எண்ணி. படிக்கச் சில பத்து நானோவினாடிதான் ஆகும். எச்பெட் பிராசசருக்கு வெளியே சிப்செட்டில் இருக்கிறது, பெரும்பாலும் 14.318 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஏசிபிஐ பிஎம் டைமர் 3.58 மெகாஹெர்ட்ஸ். வெளியே போய்ப் படிக்க வேண்டியவை என்பதால் பின்னவை இரண்டும் மெதுவானவை. கெர்னல் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது: டிஎஸ்சி 300, எச்பெட் 250, ஏசிபிஐ பிஎம் 200. அதிக மதிப்பெண் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

'சிஸ்' அடைவுக்குள் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ், கிளாக்சோர்ஸ்0 என்று இறங்குங்கள். அங்கே 'கரன்ட்' என்று தொடங்கும் கோப்பில் இப்போது ஓடுவதும், 'அவைலபிள்' என்று தொடங்கும் கோப்பில் இருப்பவை அனைத்தும் தெரியும். 'கேட்' கட்டளையால் படிக்கலாம். இரண்டாவதில் டிஎஸ்சியே இல்லை என்றால் கெர்னல் அதை ஒதுக்கிவிட்டது.

அடுத்து 'டிமெசேஜ்' கட்டளை (டி, எம், இ, எஸ், ஜி). அதன் வெளியீட்டில் டிஎஸ்சி, கிளாக்சோர்ஸ் ஆகிய இரு சொற்களையும் தேடுங்கள். 'மார்க்கிங் கிளாக்சோர்ஸ் டிஎஸ்சி ஆஸ் அன்ஸ்டேபிள்' என்று இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. 'டிஎஸ்சி வார்ப் பிட்வீன் சிபியுஸ்' என்று இருந்தால் பூட் ஆகும்போதே, ஒரு கோரின் எண்ணிக்கும் இன்னொரு கோரின் எண்ணிக்கும் ஒத்துப்போகாமல் பிடிபட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

3. எதையும் மாற்றும் முன் ஒரு பைல் போடுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் விற்ற கடையிடமோ உற்பத்தியாளரிடமோ போனால் முதலில் கேட்பது இதைத்தான். வாங்கிய பில், சீரியல் எண், பயாஸ் பதிப்பும் தேதியும் ('டிஎம்ஐடிகோட்' கட்டளை தரும்), கெர்னல் பதிப்பு, முழு டிமெசேஜ் வெளியீடு, இப்போதைய பூட் அளவுருக்கள் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்). கடைசியாகச் சொன்னது 'பிராக்' அடைவில் 'சிஎம்டிலைன்' என்ற கோப்பில் இருக்கிறது.

நான் பழைய சர்வரை 28,000 ரூபாய்க்கு செகண்ட்ஹேண்டாக வாங்கினேன், பில் இல்லாமல். சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தால், புதிய பயாஸ் வேண்டுமானால் ஆதரவு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்று வந்தது. ஒப்பந்தத் தொகையைக் கேட்டதும் அந்த வழியை மூடிவிட்டேன். செகண்ட்ஹேண்ட் சர்வர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே பயாஸ் இலவசமாகக் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். மேசைக் கணினி போர்டுகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

4. தப்பு யார் மேல் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை நான் தாண்டிக் குதித்தேன். இரண்டு வாரம் போனது அதனால்தான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

கெர்னலில் வாட்ச்டாக் என்று ஒரு காவல்காரன் உண்டு. அரை வினாடிக்கு ஒரு முறை எழுந்து, டிஎஸ்சி எவ்வளவு நகர்ந்தது, எச்பெட் எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுவான். வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் டிஎஸ்சி மேல் பழியைப் போட்டு மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கிவிடுவான். பழைய கெர்னல்களில் அந்த வரம்பு 62.5 மில்லிவினாடி. புதியவற்றில் வெகுவாக இறுக்கிவிட்டார்கள்.

கவனியுங்கள், அவன் கையில் இருப்பது இரண்டே கடிகாரம். அவை ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். எச்பெட் சரி என்பது அவன் வைத்துக்கொண்ட அனுமானம்.

சமீபத்திய கெர்னல்களில் செய்திக்குக் கீழே இரண்டு எண் வரும். 'டபிள்யூடி நேனோசெக்' என்பது காவல்காரனின் கடிகாரம் நகர்ந்த அளவு. 'சிஎஸ் நேனோசெக்' என்பது டிஎஸ்சி நகர்ந்த அளவு. இரண்டும் நானோவினாடியில். அரை வினாடி என்றால் ஏறத்தாழ 50 கோடி வர வேண்டும். இப்படிப் படியுங்கள்:

காவல்காரன் 50 கோடி, டிஎஸ்சி அதைவிட வெகு கூடவோ குறையவோ இருந்தால் டிஎஸ்சி மேல்தான் சந்தேகம்.

டிஎஸ்சி 50 கோடி, காவல்காரன் குறைவு என்றால் காவல்காரனின் கடிகாரம் தூங்கியிருக்கிறது. இது கற்பனை இல்லை. இன்டெல் காபி லேக் தலைமுறையில் பிராசசர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது எச்பெட் நின்றுவிடும். நல்ல டிஎஸ்சி குற்றவாளி ஆகிவிடும். 2019-இல் அந்தத் தளங்களில் எச்பெட்டையே முடக்கும்படி கெர்னலில் திருத்தம் வந்தது. அதனால் பழைய குறிப்பு ஏதையாவது பார்த்து அந்தக் கணினிகளில் 'எச்பெட்=ஃபோர்ஸ்' போட்டுவிடாதீர்கள்.

இரண்டுமே பல வினாடி என்றால் காவல்காரன் தாமதமாக எழுந்திருக்கிறான். கணினி எங்கோ மூச்சுத் திணறியது, அல்லது மெய்நிகர் கணினிக்குப் பிராசசர் கிடைக்கவில்லை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏசிபிஐ பிஎம் டைமர் 24 பிட் எண்ணி. 4.7 வினாடிக்குள் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். காவல் கடிகாரம் அதுவாக இருந்து, தாமதம் அதைத் தாண்டினால் கணக்கு தப்பி, பழி டிஎஸ்சி மேல் விழும்.

எண் எதுவும் வரவில்லையா? மூன்றாவது கடிகாரம் வேண்டும். என்டிபி சேவையை நிறுத்துங்கள். நெட்வொர்க் நேரம் எடுக்கும் போனுக்குப் பக்கத்தில் சர்வர் திரையை வைத்துப் படம் எடுங்கள். 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம். டிஎஸ்சியில் ஒரு நாள், எச்பெட்டில் ஒரு நாள். ஓடும்போதே மாற்ற, மேலே சொன்ன 'கரன்ட்' கோப்பில் ரூட்டாக 'எச்பெட்' என்று எழுதினால் உடனே மாறும், ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடும். இரண்டு நாள் ஆகும், செலவு ஒன்றுமில்லை. ஒரு நாளில் 43 வினாடிக்கு மேல் விலகினால் அது 500 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. கெர்னலின் வழக்கமான என்டிபி திருத்தத்துக்கு எல்லை அதுதான். அப்படி ஓடுவது படிகத்தின் குணமாக இருக்க முடியாது.

கோர்களுக்கு இடையில் நேரம் பொருந்தவில்லை என்ற சந்தேகம் இருந்தால் இந்தப் போன் சோதனை பயன்படாது. 'டாஸ்க்செட்' கட்டளையால் 'டேட்' கட்டளையை ஒவ்வொரு கோரிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். என் சர்வரில் இரண்டு சாக்கெட், அதாவது இரண்டு பிராசசர். முதல் சாக்கெட்டின் கோர்கள் ஒரு நேரமும், இரண்டாம் சாக்கெட்டின் கோர்கள் அதைவிட இரண்டு வினாடி அதிகமாகவும் காட்டின. 214 இரண்டாம் சாக்கெட்டில் விழுந்த பில், 215 முதல் சாக்கெட்டில் விழுந்தது. அவ்வளவுதான்.

5. பிராசசரின் கொடிகளைப் பாருங்கள்

'பிராக்' அடைவில் 'சிபியுஇன்ஃபோ' கோப்பில் கொடிகள், அதாவது பிராசசரின் வசதிகளைச் சொல்லும் பெயர்கள், வரிசையாக இருக்கும். 'கான்ஸ்டன்ட் டிஎஸ்சி' இருந்தால் பிராசசரின் வேகம் மாறினாலும் எண்ணி ஒரே வேகத்தில் ஓடும். 'நான்ஸ்டாப் டிஎஸ்சி' இருந்தால் உறக்கத்திலும் நிற்காது. 'டிஎஸ்சி அட்ஜஸ்ட்' இருந்தால் பயாஸ் செய்த குளறுபடியைக் கெர்னலே கண்டுபிடித்துத் திருத்தும். மூன்றும் இருந்து, சாக்கெட் எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் புதிய கெர்னல்கள் டிஎஸ்சிக்குக் காவலே வைப்பதில்லை. முதல் இரண்டும் இல்லாத பழைய கணினி என்றால் மல்லுக்கட்ட வேண்டாம், எச்பெட்டில் ஓட்டுங்கள். என்னுடையதில் மூன்றாவது இல்லை.

6. இந்த வரிசையில் சரிசெய்யுங்கள்

முதலில் பயாஸ் புதுப்பிப்பு. யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அப்படியே ஓவர்கிளாக் (பிராசசரை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது) எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து கெர்னல் புதுப்பிப்பு. 4-ஆம் படியில் சொன்ன பொய்ப் பழிகளில் பல புதிய கெர்னலிலேயே அடங்கிவிடும்.

பிறகு சர்வரை அணைத்து, பவர் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். சிரிக்காதீர்கள். என் சர்வரில் இப்படிப் போட்டால் சாக்கெட்டுகள் இரண்டும் ஒரே எண்ணில் தொடங்கும். வெறும் ரீபூட்டில் மறுபடி விலகும்.

அப்புறம்தான் பூட் அளவுரு. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் சேர்த்து, 'அப்டேட்-கிரப்' ஓட்டி, ரீபூட் செய்ய வேண்டும். டிஎஸ்சி உண்மையிலேயே கெட்டது என்றால் 'டிஎஸ்சி=அன்ஸ்டேபிள்'. கெர்னல் பாதி வழியில் மாறாமல் தொடக்கத்திலேயே அதை விட்டுவிடும். குறிப்பிட்ட கடிகாரம் வேண்டுமென்றால் 'கிளாக்சோர்ஸ்=எச்பெட்'. டிஎஸ்சி நல்லது, காவல்காரன்தான் கெட்டவன் என்று 4-ஆம் படியில் உறுதியானால் மட்டும் 'டிஎஸ்சி=நோவாட்ச்டாக்'.

இனி 'டிஎஸ்சி=ரிலையபிள்'. தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். இதைப் போட்டால் ஓடும்போது செய்யும் காவலோடு, பூட் ஆகும்போது கோர்களை ஒப்பிடும் சோதனையும் போய்விடும். எச்சரிக்கைச் செய்தியும் மறைந்துவிடும் என்பதால் சரியானது போலத் தோன்றும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பு சர்வர் மந்தமாக இருக்கிறது என்று இதை நான் போட்டிருந்தேன். போட்டதும் வேகம் கூடியது, கடை அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். அதை எடுத்துவிட்டு ரீபூட் செய்தபோது கெர்னல் சொன்ன வார்ப் 520 கோடி சுழற்சி. 2.6 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் அது இரண்டு வினாடி. அந்த மந்தத்துக்குக் காரணமே கெர்னல் ஒழுங்காக எச்பெட்டுக்கு மாறியிருந்ததுதான்.

எச்பெட்டுக்குப் போனால் எவ்வளவு இழப்பு? அளந்து பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருந்தால் கூடவே 'பிஜி டெஸ்ட் டைமிங்' என்ற கருவி வரும். என்னிடம் ஒரு முறை நேரம் கேட்க டிஎஸ்சியில் 35 நானோவினாடி, எச்பெட்டில் 900. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஒன்பது கவுன்டரில் பில் போடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அன்று மந்தமாகத் தெரிந்தது பில்லிங் இல்லை, ஒவ்வொரு வரிக்கும் நேரம் கேட்டுப் பதிவு எழுதிக்கொண்டிருந்த என் அறிக்கை நிரல். அதைக் குறைத்தேன், தீர்ந்தது. நிறையக் கோர்கள் ஒரே சமயத்தில் எச்பெட்டைக் கேட்கிற தரவுத்தளம் வைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள், அங்கே ரேஷன் கடை வரிசை போல ஆகிவிடும். அதற்கு வேறு கணினிதான் வழி.

கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி என்றால் இதில் எதையும் தொடாதீர்கள். கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடும் தளங்களில் 'கேவிஎம்-கிளாக்' என்று தனிக் கடிகாரம் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, பதிவை எடுத்துச் சேவை தருபவருக்குப் புகார் அனுப்புங்கள்.

7. கடைசியாக என்டிபி

டைமர் சரியான பிறகுதான் இது. கெட்ட டைமருக்கு மேல் என்டிபியைப் போட்டால், அது நேரத்தை இழுக்க, டைமர் திருப்பி இழுக்க, பதிவில் எது உண்மை என்றே தெரியாது.

'குரோனி' என்ற என்டிபி மென்பொருளை நிறுவுங்கள். சர்வர் முகவரிகளாக தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் 'டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி', தேசியத் தகவலியல் மையமான என்ஐசியின் 'சமய்1.என்ஐசி.இன்', 'சமய்2.என்ஐசி.இன்' ஆகியவற்றைக் கொடுக்கலாம். நிறுவனங்கள் இவற்றோடோ இவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடோ ஒத்திசைய வேண்டும் என்று, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 உத்தரவில் சொல்லியிருக்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. தணிக்கைக்கு ஆள் வந்தால் குரோனியின் அமைப்புக் கோப்பையும் 'டிராக்கிங்' வெளியீட்டையும் அச்செடுத்துக் காட்டலாம்.

'மேக்ஸ்டெப்' (மேக், ஸ்டெப் இரண்டும் சேர்த்து) வரியில் 1, 3 என்று இருக்கட்டும். சேவை தொடங்கியதும் முதல் மூன்று திருத்தத்தில் மட்டும், வித்தியாசம் ஒரு வினாடிக்கு மேல் இருந்தால் நேரத்தைத் தாவச் செய்யும். அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். முதல் முறை இயக்குவதை வியாபாரம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். பூ மார்க்கெட்டில் அது மத்தியானம் இரண்டு மணி.

ஒரு வாரம் தினமும் 'குரோனிசி டிராக்கிங்' போட்டு, 'ஃபிரீக்வென்சி' வரியில் உள்ள பிபிஎம்மை எழுதி வையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாளுக்கு நாள் தாவுகிறதா என்று பாருங்கள். 20 இன்றும் 22 நாளையும் வந்தால் நிம்மதி. இன்று 20, நாளை 300 என்றால் மறுபடி 4-ஆம் படி.

எனக்கு மொத்தச் செலவு: செல் 40 ரூபாய், சந்தேகத்தில் வாங்கிய, தேவைப்படாத பவர் சப்ளை 3,200 ரூபாய். பில்லிங் மென்பொருளிலும் அந்த விதியை மாற்றினேன். இப்போது வரிசையை பில் எண் பார்த்துக்கொள்கிறது, நேரம் சும்மா அச்சில் மட்டும். சர்வரின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: எந்த பூட் அளவுரு, எந்தத் தேதியில், எதற்காகப் போட்டேன் என்று. அதில் முதல் வரி அடித்திருக்கும்.